தந்தையின் இசையும் ஆசிரியரின் தமிழும்: ‘என் சரித்திரம்’ உரைநடையில் குடும்ப மரபும் நன்றிக்கடனும்

ஆய்வுச்சுருக்கம்

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ பெரும்பாலும் ஆசிரிய பக்தியின் நூலாகவே படிக்கப்பட்டு வருகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கொண்டிருந்த நன்றியே அந்நூலை இயக்குகிறது என்பது பொதுவான கருத்து. இக்கட்டுரை அந்நூலின் உரைநடையை முன்வைத்து மற்றொரு நன்றிக்கடனைத் தேடுகிறது. இசைவாணரும் இராமாயணக் கதை சொல்பவருமாகிய தந்தை வேங்கடசுப்பையரின் வீட்டில் உருவான செவியும் சொல்முறையும் ஆசிரியரிடம் பயின்ற காலத்தில் ஒதுக்கிவைக்கப்பட்டு, முதுமையில் உரைநடையாகத் திரும்பின என்பது இதன் வாதம். அந்த நன்றி எவற்றைப் பேசாமல் விடுகிறது என்பதும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உ.வே.சா., தன்வரலாறு, உரைநடை, குடும்ப மரபு, இசை, நன்றியுணர்வு, கனம் கிருஷ்ணையர்

முன்னுரை

ஓர் எழுத்தாளரின் நடை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவுக்குத் தமிழ்த் திறனாய்வில் இருவகை விடைகளே மிகுதியாகக் கிடைக்கின்றன. ஒன்று அவர் கற்ற கல்வி. மற்றொன்று அவர் வாழ்ந்த காலம். யாரிடம் பாடம் கேட்டார், எந்த இதழில் எழுதினார், எந்த இயக்கத்தோடு தொடர்பு கொண்டார் என்பனவே நடையின் ஊற்றுகளாகக் கணக்கிடப்படுகின்றன. எழுத்தறிவதற்கு முன்பே காது பழகிய இடமாகிய வீடு, வாழ்க்கைக் குறிப்பின் முதற்பத்தியோடு நின்றுவிடுகிறது. பிறந்த ஊர், பெற்றோர் பெயர், குலம் ஆகிய மூன்றையும் சொல்லி முடித்ததும் ஆய்வாளர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார்.

உ.வே.சா.வைப் பொறுத்தவரை இந்த அவசரம் இன்னும் அதிகம். அவருடைய ஆசிரியர் அத்துணைப் பெரியவர். அவரைப் பற்றி மாணவர் எழுதியிருப்பதும் அத்துணை விரிவானது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாறு 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. அதன் பின்னர் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாற்றிலும் பிள்ளையவர்களே நடுநாயகமாக இருக்கிறார். எனவே அவ்வுரைநடைக்கும் அவரே மூலம் என்று கொள்வது இயல்பாகத் தோன்றும். அவ்வாறு கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பிள்ளையவர்கள் செய்யுள் வல்லவர். தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அந்தாதிகளையும் ஆயிரக்கணக்கான பாடல்களில் இயற்றியவர். ‘என் சரித்திரம்’ எழுதப்பட்டுள்ள எளிய, நிதானமான, உரையாடல் நிறைந்த கதைநடையை அவரிடமிருந்து பெற்றதாகக் காட்ட அவருடைய படைப்புகளில் சான்று தேடினால் கிடைப்பது அரிது. ஆசிரியர் தந்தவை புலமை, ஏட்டுச் சுவடிகளிடம் அச்சமின்மை, செய்யுளைப் பொருளுணர்ந்து படிக்கும் ஒழுங்கு ஆகியவை. கதை சொல்லும் குரலை அவர் தரவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

பெயரில் உள்ள வீடு

உ.வே.சா. என்னும் மூன்றெழுத்துகளில் ‘உ’ தந்தைவழி ஊராகிய உத்தமதானபுரம். ‘வே’ தந்தையாகிய வேங்கடசுப்பையர். ‘சா’ என்பதற்குப் பின்னால் உள்ள செய்தி பலரும் அறிந்ததே ஆயினும் அதன் பொருள் போதிய அளவு நோக்கப்படவில்லை. 1855 பிப்ரவரி 19ஆம் நாள், தாயாரின் ஊராகிய சூரியமூலையில் பிறந்த அவருக்கு முறைப்படி இடப்பட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கியது சாமிநாதன் என்னும் பெயர்; அது சுருங்கிச் ‘சாமா’ ஆயிற்று. 1871இல் மாயூரத்தில் பாடம் கேட்கச் சேர்ந்தபோது, வேங்கடராமன் என்று அழைப்பதை விரும்பாத பிள்ளையவர்கள், வீட்டில் வேறு பெயர் உண்டா என்று கேட்டறிந்து சாமிநாதன் என்பதையே வழக்கமாக்கினார். இதனை ஆசிரியர் சூட்டிய பெயர் என்று சொல்லும் வழக்கம் உள்ளது. நுணுகி நோக்கினால் ஆசிரியர் புதிதாக எதையும் சூட்டவில்லை. வீட்டுக்குள் புழங்கிய பெயரை எடுத்து அவைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவே. அவையில் வழங்கவேண்டிய பெயர் மறைந்து, அடுக்களை வரையில் ஒலித்த பெயர் தமிழுலகம் அறிந்த பெயராயிற்று.

இந்நிகழ்ச்சியில் ஆசிரியரும் வீடும் ஒத்துப்போகின்றனர். இசையைப் பொறுத்தவரை அவ்வாறு நிகழவில்லை.

பிறப்புக்கு முந்திய அத்தியாயங்கள்

‘என் சரித்திரம்’ பிறப்பிலிருந்து தொடங்குவதில்லை. ஊரில் தொடங்குகிறது. தஞ்சையை ஆண்ட அரசர் ஒருவர் ஏகாதசியன்று தாம்பூலம் தரித்துவிட்ட பிழைக்குப் பரிகாரமாக வீடுகள் கட்டி அந்தணர்க்குத் தானம் செய்த கதை முதலில் வருகிறது. பிறகு முன்னோர், பாட்டனார், கனம் கிருஷ்ணையர், தாய்வழிப் பாட்டனாராகிய கிருஷ்ண சாஸ்திரிகள், தந்தையாரின் குருகுலவாசம், அவருடைய இல்லறம் என ஒவ்வொருவருக்கும் இடம் ஒதுக்கிய பின்னரே நூலாசிரியர் பிறக்கிறார். வார இதழ் வாசகர் இத்தனை வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது. தொடருக்கு இது வசதியான தொடக்கம் அன்று. ‘தமிழ்த் தாத்தா’வின் ஏட்டுத் தேடலைப் படிக்க விரும்பியவர்க்குப் பாட்டனாரின் சிறு நிலத்தையும் தந்தையாரின் சாதகத்தையும் முன்வைப்பது ஒரு தேர்வு.

இந்த முன்பகுதியின் மையமாக நிற்பவர் கனம் கிருஷ்ணையர். தந்தையாருக்குத் தாய்வழி உறவினர். பெரிய திருக்குன்றத்தைச் சேர்ந்தவர். பொப்பிலி கேசவையாவிடமிருந்து ‘கனம்’ என்னும் கடினமான பாடுமுறையைக் கற்று உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கியவர். தமிழில் பல பதங்களை இயற்றியவர். வேங்கடசுப்பையர் அவரிடம் குருகுலவாசம் செய்து இசை பயின்றார். பின்னர் அரியலூர்ப் பகுதியில் குன்னம், கார்குடி முதலிய ஊர்களில் தங்கி, இராமாயணத்தைக் கீர்த்தனங்களோடு கதையாகச் சொல்லி, ஊரார் தந்த நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தினார். பையனின் காது இந்தச் சூழலில்தான் பழகியது.

கனம் கிருஷ்ணையரின் பதங்களைப் பற்றிய செய்திகள் அக்குடும்பத்தில் வழங்கிய முறை கருதத்தக்கது. பதம் தனியாக வருவதில்லை. எந்தச் சந்தர்ப்பத்தில், எந்த ஜமீன்தார் முன்னிலையில், என்ன மனவருத்தத்தினாலோ மகிழ்ச்சியினாலோ அது பாடப்பட்டது என்னும் கதையோடு சேர்ந்தே அது கைமாறுகிறது. தந்தையார் பாடிக்காட்டும்போது கதையையும் சொல்வார். கதையைச் சொல்லும்போது பாட்டு வந்துவிடும். பாட்டும் அது பிறந்த நிகழ்ச்சியும் பிரியாத இந்த அமைப்பே, பிற்காலத்தில் ‘நான் கண்டதும் கேட்டதும்’, ‘புதியதும் பழையதும்’ ஆகிய தொகுப்புகளில் உள்ள கட்டுரைகளின் எலும்புக்கூடு. ஒரு செய்யுள், அதைச் சுற்றி ஒரு நிகழ்ச்சி, அதில் ஒரு மனிதரின் குணம் வெளிப்படும் ஓரிரு வாய்ச்சொற்கள்: இவ்வளவில் ஒரு கட்டுரை நிறைவுறும்.

தனிப்பாடல்களுக்குக் கதை சொல்லும் வழக்கம் தமிழில் பொதுவானது. வீராசாமி செட்டியாரின் ‘விநோத ரச மஞ்சரி’ அதற்குச் சான்று என்று மறுக்கலாம். மறுப்பு பொருத்தமானதே. ஆனால் விநோத ரச மஞ்சரியின் புலவர்கள் கதைமாந்தர்கள். கம்பரும் ஒட்டக்கூத்தரும் காலவரையறையின்றிச் சொற்போர் நிகழ்த்துவார்கள். உ.வே.சா.வின் கட்டுரைகளில் கதை சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், எந்த ஊர்த் திண்ணையில் கேட்டார் என்பன சொல்லப்படும். கேட்ட செய்திக்குக் கேட்ட வாயையும் சான்றாக வைக்கும் இந்தப் பழக்கம், கனம் கிருஷ்ணையரின் பாட்டை அவரிடமே இருந்து கற்றவரின் வாயிலிருந்து கேட்ட பிள்ளைக்கு இயல்பாக அமைந்தது என்று கொள்வதில் தவறில்லை. ‘கண்டதும் கேட்டதும்’ என்னும் தலைப்பில் உள்ள இரண்டாம் சொல் வெறும் அலங்காரமன்று.

தேடிக் கொடுத்த தந்தை

குடும்பம் நடையை உருவாக்கிற்று என்று சொல்லும்போது, வீடு தானாகவே எல்லாவற்றையும் ஊட்டிவிட்டது என்று எளிமைப்படுத்தலாகாது. வேங்கடசுப்பையருக்கு மகன் இசைவல்லவன் ஆகவேண்டும் என்னும் விருப்பம் இருந்தது. மகனுக்கோ அரியலூரில் சடகோபையங்காரிடம் பெற்ற தமிழ்ச்சுவை விடவில்லை. ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் நன்மை, வடமொழி படித்தால் மறுவுலகில் நன்மை, தமிழால் இரண்டும் இல்லை என்று பெரியவர்கள் அறிவுரை கூறிய காலம் அது. தந்தையார் மகனின் விருப்பத்தை எதிர்க்கவில்லை. எதிர்க்காமல் இருந்ததோடு நிற்கவும் இல்லை. தமிழ் சொல்லிக்கொடுப்பவர் இருக்கும் ஊரைத் தேடிக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை. ஒவ்வோர் ஊரிலும் தந்தையார் இராமாயணம் சொல்வார். மகன் பாடம் கேட்பான். தந்தையின் தொழில் மகனின் படிப்பைத் தொடர்ந்து ஊர் மாறியது. இறுதியில் மாயூரத்துக்கு அழைத்துச் சென்று பிள்ளையவர்களிடம் ஒப்படைத்ததும், அங்கே உணவுக்கு வழி செய்ததும் அவரே. வேளாளராகிய ஆசிரியரின் வீட்டில் அந்தண மாணவன் உண்ணும் வழக்கமில்லாத காலமாகையால், பாடம் இலவசமாகக் கிடைத்தாலும் சோறு கிடைக்கவில்லை.

இந்தப் பகுதிகளை உ.வே.சா. எழுதியுள்ள முறை தனித்துக் குறிக்கத்தக்கது. தந்தையாரின் தியாகத்தைப் புகழும் பெருஞ்சொற்கள் அங்கு மிகுதியாக இல்லை. எந்த ஊரில் எத்தனை நாள் தங்கினார்கள், யார் நெல் அளித்தார்கள், யார் வீட்டில் இடம் கொடுத்தார்கள், எந்த வேளையில் பாடம் நடந்தது என்பன வரிசையாக வருகின்றன. நன்றி இங்கே கணக்காக எழுதப்படுகிறது. ஊர் ஊராகப் போய் ஊரார் அளித்ததை நினைவில் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் பழக்கம் இது. கொடுத்தவர் பெயரை மறப்பது அங்கு ஒழுக்கக்கேடு. முன்னுரைகளில் ஏடு உதவியவர் பெயர், ஊர், உதவிய ஏட்டின் நிலை ஆகியவற்றை விடாமல் குறிக்கும் பதிப்பாசிரியரின் வழக்கத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். பதிப்பு நெறி எனப் போற்றப்படும் அந்த ஒழுங்குக்கு, அக்காலத்து ஆங்கிலக் கல்விச் சூழலை மட்டும் மூலமாகக் காட்டுவது போதாது.

நிறுத்தப்பட்ட பாடம்

மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்துவந்தார். தந்தையாருக்கு அவர் அறிமுகமானவர். மகன் தமிழோடு இசையையும் விடாமல் கற்கவேண்டும் என்று விரும்பிய வேங்கடசுப்பையர் பாரதியாரிடம் அவனை ஒப்படைத்தார். சில காலம் இரண்டு பாடமும் நடந்தன. பாரதியார் வாயிலாகவே இச்செய்தி பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தபோது அவர் மகிழவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியப் பயிற்சி நிலைக்காது என்பது அவர் கருத்து. மாணவர் இசைப்பாடத்தை விட்டார்.

இதன் பின்னணியில் பழைய பிணக்கு ஒன்றும் உண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் வந்தபோது, அதன் இலக்கண வழுக்களைக் கருதிப் பிள்ளையவர்கள் தயங்கியதும், பிறகு பாட்டின் உருக்கத்தில் நெகிழ்ந்து அளித்ததும் உ.வே.சா.வே பதிவு செய்துள்ளவை. செய்யுளின் தூய்மைக்கும் பாட்டின் உருக்கத்துக்கும் இடையில் இருந்த அந்த வழக்கு, இப்போது ஒரு பதினாறு வயது மாணவனின் நாளொழுங்கில் தீர்க்கப்பட்டது. தீர்ப்பு செய்யுளின் பக்கம் அமைந்தது.

நூல் முழுவதிலும் கூர்ந்து படிக்கவேண்டிய இடம் இதுவே எனலாம். தந்தையின் விருப்பமும் ஆசிரியரின் விருப்பமும் நேரடியாக மோதியபோது மகன் ஆசிரியரைத் தேர்ந்தான். அந்தத் தேர்வினால் தந்தை அடைந்திருக்கக்கூடிய வருத்தத்தையோ, தான் அடைந்த இழப்பையோ உ.வே.சா. நீட்டி எழுதவில்லை. நிகழ்ச்சியைச் சொல்லி, ஆசிரியரின் கருத்தையும் சொல்லி, அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறார். உணர்ச்சிகளை மறைப்பவர் அல்லர் அவர். 1876இல் ஆசிரியர் மறைந்ததைப் பற்றி எழுதும்போது துயரம் பக்கங்களில் வழிகிறது. இங்கே உள்ள சுருக்கம் நடையின் இயல்பால் நேர்ந்ததன்று. இரண்டு நன்றிகள் மோதும் இடத்தில் ஒன்றைப் பற்றி உரக்கப் பேசினால் மற்றொன்றுக்குப் பழி சேரும். ஆசிரியரைக் குறைகூற அவரால் இயலாது. தந்தையை மறக்கவும் இயலாது. மௌனம் ஒன்றே எஞ்சுகிறது.

பயிற்சி நின்றாலும் செவி நின்றுவிடவில்லை. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் இசையிலும் ஈடுபாடு உடையவராக இருந்தார். அங்கே செய்யுளை இசையோடு படிப்பது குறையாகக் கருதப்படவில்லை. பதிப்புப் பணியிலும் இச்செவிக்குப் பங்கிருந்திருக்க வேண்டும். ஏட்டில் புள்ளி இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுவதில்லை. அடிகள் பிரிக்கப்படாமல் ஓடும். வாய்விட்டுப் படித்து ஓசை எங்கே தட்டுகிறது என்று கேட்பவருக்கே சீர்களின் எல்லை தெரியும். காரிகைப் பயிற்சி அதற்கு இலக்கணத்தைத் தந்தது. அதற்கும் முன்பே, தாளம் தவறினால் உடனே உணரும் காதை அவர் வீட்டில் பெற்றிருந்தார். 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தபோது அரங்கேற்றுகாதையின் இசைச் செய்திகளுக்குள் நுழைய நேர்ந்தவர், இசையை அயல் துறையாகக் காணும் நிலையில் இல்லை.

கடன் அடைத்த வரிசை

உ.வே.சா. முதுமையில் எழுதிய வாழ்க்கை வரலாறுகளைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. முதலில் ஆசிரியரின் வரலாறு, 1933-34. அடுத்து 1936இல் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூன்று இசைவாணர்களின் வரலாறுகள். அதன் பின்னரே, 1940இல், தம் வரலாறு. எண்பதைக் கடந்த பதிப்பாசிரியர், இன்னும் அச்சேறாத ஏடுகள் கைவசமிருக்க, இசைவாணர் மூவருக்கு நூல் எழுதியது ஏன்? அம்மூவருள் ஒருவர் தந்தையின் உறவினரும் குருவும் ஆவார்; மற்றொருவர் தந்தை ஒப்படைத்த, ஆசிரியர் நிறுத்திய பாடத்தின் ஆசிரியர். அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விட்ட பாடத்துக்கு இதைவிட வெளிப்படையான கடனடைப்பு இருக்க முடியாது. ஆசிரியரின் வரலாற்றை முடிக்கும்வரை அவர் அதற்குக் கை வைக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. கடன்களுக்கும் முன்பின் உண்டு.

தந்தையாருக்குத் தனி நூல் இல்லை. அவருக்குரிய இடம் தன்வரலாற்றின் முற்பகுதியும், அதைவிட ஆழமாக, அந்நூலின் குரலும் ஆகும். 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு எழுதிய முன்னுரைப் பகுதிகளையும் 1930களின் கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு வேறுபாடு உடனே புலப்படும். முன்னதில் வாக்கியம் பல எச்சங்களைக் கோத்துக்கொண்டு நீள்கிறது. புலவர் அவையை நோக்கிப் பேசுகிறது. பின்னதில் வாக்கியம் சிறிது. வினைமுற்று விரைவில் வந்துவிடுகிறது. உரையாடல் புகுகிறது. ஒரு செய்தியின் முடிவை முன்கூட்டிச் சொல்லாமல் கேட்பவரை நிறுத்திவைக்கும் உத்தி வருகிறது. கிளைக்கதை ஒன்றுக்குள் சென்று, விட்ட இடத்துக்குத் தவறாமல் திரும்பும் கதாகாலட்சேபத்தின் நடையும் வருகிறது. நடையின் முற்பகுதி ஆசிரியரின் அவைக்கு உரியது என்றால், பிற்பகுதி குன்னத்தில் இராமாயணம் சொன்னவரின் திண்ணைக்கு உரியது.

இந்த மாற்றத்துக்கு வேறு காரணங்களும் காட்டலாம். விகடன் போன்ற வெகுசன இதழின் தேவை ஒன்று. முதுமையில் அவர் சொல்ல, உடனிருந்து உதவிய கி.வா.ஜகந்நாதன் போன்ற மாணவர்களின் பங்கு மற்றொன்று. இரண்டையும் புறக்கணிக்க இயலாது. ஆயினும் இதழ் எளிமையைக் கேட்கும். எந்த எளிமை என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதே இதழில் கல்கி எழுதிய நடையும் எளிமையானதே. அதன் குறும்பும் வேகமும் உ.வே.சா.விடம் இல்லை. எழுதியவர் கை மாணவருடையதாக இருப்பினும், சொல்லி எழுதுவிக்கும் முறையே வாய்மொழிக் கதைக்கு அவரை மேலும் நெருக்கமாகக் கொண்டுசென்றிருக்கும். கி.வா.ஜ. தம் சொந்தப் பெயரில் எழுதிய உரைநடையோடு விரிவாக ஒப்பிட்டு இதனை மேலும் ஆராய இடமுண்டு.

நன்றி சொல்லாமல் விட்டவை

வேர்களுக்கு நன்றி கூறும் நூல் அந்த வேர்களை எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்று கேட்பது திறனாய்வின் கடமை. நன்றி பெருகும் இடத்தில் பார்வை சுருங்குவதும் உண்டு.

தந்தையாரின் இசைக்கும் கதைக்கும் இத்தனை இடம் தந்த நூலில் தாயார் சரஸ்வதி அம்மாளின் குரல் ஒப்புநோக்கக் குறைவாகவே கேட்கிறது. மகனின் பாடத்துக்காக ஊர் மாறியபோதெல்லாம் பாத்திரங்களைக் கட்டி எடுத்துச் சென்று, புதிய ஊரில் அடுப்பு மூட்டியவர் அவர். நெல் அளித்தவர் பெயர்கள் கணக்கில் ஏறின. அந்த நெல்லைச் சோறாக்கிய உழைப்பு அக்கணக்கில் ஏறவில்லை. அன்பில்லாமை இதற்குக் காரணமன்று. வித்தை என்று எண்ணப்பட்டதற்கே நன்றி எழுதும் மரபு அது. குரு, தந்தை, புரவலர் ஆகியோர்க்கு அம்மரபில் இடம் முன்பே அமைக்கப்பட்டிருந்தது. தாய்க்கு அமைந்திருந்தது வணக்கம் மட்டுமே.

ஊரைப் பற்றியும் இவ்வாறே கேட்கவேண்டும். உத்தமதானபுரத்தின் கதை தானம் பெற்றவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. பழைய ஊரின் அமைதியையும் நிறைவையும் இன்றைய சிதைவோடு ஒப்பிட்டு அவர் வருந்தும் பகுதிகளில் ஊர் என்பது பெரும்பாலும் அக்கிரகாரமே. நிலத்தில் உழைத்தவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது வேர் என்னும் சொல்லுக்கே வேறு பொருள் கிடைத்தது. அங்கேயும் நடை வீட்டிலிருந்தே வருகிறது. பாட்டியும் தெருவும் பேசிய பேச்சே எழுத்தாகிறது. ஆனால் அப்பாட்டி மேல்சாதி வீட்டில் உழைத்து மிச்சச் சோற்றை வாங்கிவந்தவர். அவருக்குச் செலுத்தும் நன்றி அந்தச் சோற்றின் மீதான சினத்தைப் பிரித்துவைக்க முடியாத நன்றி. உ.வே.சா.வின் நன்றி கொடுத்தவர்களை நோக்கிச் செல்கிறது. பாமாவின் நன்றி கொடுக்கப்படாதவர்களை நோக்கிச் செல்கிறது. இரண்டு நூல்களையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தித் தீர்ப்பு வழங்குவது எளிது. அதனால் பயன் சிறிது. குடும்பம் தந்த மொழியை எழுத்துமொழியாக்குவதற்கு இருவரும் செய்யவேண்டியிருந்த வேலை வேறுவேறாக இருந்தது என்பதே பயனுள்ள செய்தி. உ.வே.சா. வீட்டில் கேட்ட கதைமுறையை எடுத்துக்கொண்டு வீட்டின் பேச்சொலியைப் பெரும்பாலும் செம்மைப்படுத்தினார். உரையாடல்களும் எழுத்துத் தமிழிலேயே அமைந்துள்ளன. பாமா அந்தச் செம்மையை மறுத்தார். முன்னவர்க்கு வீட்டின் மொழி அவைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது, பின்னவர்க்கு அவ்வாறில்லை.

முற்றுப்பெறாத நூல்

‘என் சரித்திரம்’ 122 அத்தியாயங்களோடு, மணிமேகலைப் பதிப்புக் காலத்தையொட்டி நின்றுவிட்டது. 1942 ஏப்ரல் 28இல் உ.வே.சா. மறைந்தார், நூல்வடிவம் 1950இல் வெளிவந்தது. இசைவாணர் வரலாறுகளை எழுதிய 1936ஆம் ஆண்டு வரையில் அவர் கதை வந்து சேரவே இல்லை. எனவே அந்நூல்களை ஏன் எழுதினார் என்பதை அவர் தம் வாயால் சொல்லும் அத்தியாயம் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது இரண்டு கூற்றுகள் மட்டுமே. கனம் கிருஷ்ணையரை அவர் இருமுறை எழுதினார்: 1936இல் தனி நூலாகவும், நான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் வரலாற்றின் தொடக்கத்திலும். முதலாவதில் அவர் சமஸ்தான வித்துவான், பதங்களின் ஆசிரியர். இரண்டாவதில் அவரே ஒரு குடும்பத்தின் உறவினராக, எதிரே அமர்ந்து பாடம் கேட்கும் வேங்கடசுப்பையர் என்னும் இளைஞரின் குருவாக வருகிறார். அந்த இளைஞரின் மகன் அப்போது பிறந்திருக்கவில்லை.